கெரி சொன்னதில் நான் எழுதாமல் விட்டது

போன மாதம் எங்கள் பழைய பட்டறையின் இப்போதைய உரிமையாளர் போன் செய்தார். நான் ஓய்வு பெற்று நாலு வருடமாகிறது. பட்டறைக்குப் புதிதாக ஓர் இணையப் படிவம் தயார் செய்கிறார்களாம். துப்பாக்கியைப் பழுது பார்க்க அனுப்புகிறவர் வீட்டிலிருந்தபடியே பழுதின் வகையைத் தேர்ந்தெடுத்து ஒரு கட்டத்தில் குறியிட்டால் போதுமாம். என்னென்ன வகைகள் போடலாம் என்று என்னிடம் கேட்டார். "ஒரு பெரிய வெற்றுக் கட்டம் போடுங்கள், அவர்கள் இஷ்டத்துக்கு எழுதட்டும்" என்றேன். "அதையெல்லாம் யார் உட்கார்ந்து படிக்கிறது?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அன்று மாலையே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சிட்னிக்கு மேற்கே ஒரு தொழிற்பேட்டையில், துப்பாக்கி பழுது பார்க்கும் பட்டறையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன் நான். எங்கள் தமிழ் ஆட்களிடம் இதைச் சொல்வது அவ்வளவு சுலபமில்லை. ஹோம்புஷில் யாராவது பிறந்தநாள் விருந்து வைப்பார்கள். ஒருவர் ஐ.டி., ஒருவர் ஆஸ்பத்திரி, ஒருவர் ரயில்வே இன்ஜினியர். என் முறை வந்து "துப்பாக்கி ரிப்பேர்" என்றால், வடையை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திவிட்டு, இவர் விளையாடுகிறாரா என்று என் மனைவி வசந்தாவைப் பார்ப்பார். நார்த்மீடில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சிவநேசன் அண்ணன், யாழ்ப்பாணத்துக்காரர். நாங்கள் குடிவந்த புதிதில் வேலி ஓரமாக நின்று மெதுவாகச் சொன்னார்: "தம்பி, கோயிலடியிலை ஆரும் கேட்டா மெசின் திருத்திறனான் எண்டு சொல்லுங்கோ. துவக்கு எண்டு வாய் திறவாதேங்கோ. எங்கட சனம் அதாலை பட்டது காணும்." சனம் துவக்கால் பட்டது போதும் என்று அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதற்குப் பிறகு மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் யார் கேட்டாலும் நான் மெஷின் மெக்கானிக்தான்.

தொழில் படித்த கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஓர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, ஃபிட்டராகி, பிறகு பதினோரு வருடம் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தேன். முன்னால் ஒரு மேஜை, மேஜை நிறைய அளவு பார்க்கும் கேஜ்கள். ஒரு பாகம் கேஜுக்குள் போக வேண்டும், அல்லது போகக் கூடாது. வேறு பேச்சுக்கு இடமில்லை. வெளியிலிருந்து வரும் புகார்களுக்கெல்லாம் எண் வைத்திருந்தோம். புகார் சொன்ன ஆள் யார், எந்த இடத்தில், எந்த நிலையில் உட்கார்ந்து சுட்டார் என்பதெல்லாம் எங்கள் மேஜைக்கு வராது. வந்தாலும் நாங்கள் வாங்கியிருக்க மாட்டோம். கேஜ் சொல்வதுதான் உண்மை, ஆள் சொல்வது அரட்டை என்கிற திமிரோடுதான் விமானம் ஏறி இந்த ஊருக்கு வந்தேன்.

பட்டறை முதலாளியின் பெயர் கீத். ஒல்லியான, உயரமான மனிதர். நான் வந்த புதிதில் அவருக்கு ஐம்பத்தைந்து இருக்கும். படிக்கிற கண்ணாடியை ஒரு பூட்ஸ் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவுவார். ஈயம் வயிற்றுக்குள் போகக் கூடாதாம். நானும் கழுவுகிறேனா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். அவர் வாயிலிருந்து வரும் அதிகபட்சப் பாராட்டு "மோசமில்லை." அந்த ஒரு வார்த்தைக்காக நான் சில வாரங்கள் காத்திருந்ததுண்டு. ஆயுத பூஜையன்று என் ஸ்க்ரூட்ரைவர் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தபோது அருகில் வந்து பார்த்துவிட்டு, "பெட்டியோடு நிறுத்திக்கொள், வாடிக்கையாளர் பொருளில் தூள் விழக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

அவர் பட்டறையில் இரண்டு சட்டங்கள். ஒரு துப்பாக்கி உள்ளே வந்தால் முதலில் அவர் திறந்து பார்த்து "காலி" என்பார். பிறகு நான் பார்த்து "காலி" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். ஒரு தடவை, ஸ்பேனர் எடுக்கத் திரும்பிவிட்டு மறுபடி ரைஃபிளில் கை வைத்தேன். என் கைமேல் அவர் கை வந்தது. "உன் கண் அதை விட்டுப் போய்விட்டது. மறுபடி பார்" என்றார். அந்தப் பழக்கம் இன்றும் என்னை விடவில்லை. படுக்கப் போகுமுன் அடுப்பை இரண்டு தடவை பார்க்கிறேன்.

இரண்டாவது சட்டம்தான் எனக்கு வேடிக்கையாக இருந்தது. கவுண்டருக்கு இந்தப் பக்கம் கை வைத்த மர நாற்காலி ஒன்று உண்டு. துப்பாக்கியின் சொந்தக்காரர் அதில் உட்கார வேண்டும். துப்பாக்கி காலியாக, திறந்தபடி மேஜைமேல் கிடக்கும். அவர் பேசி முடிக்கும்வரை யாரும் அதைத் தொடக் கூடாது. கீத் நின்றபடி, "இது எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்" என்பார். என்ன கோளாறு என்று கேட்க மாட்டார். அவர்கள் சொல்லச் சொல்ல, அவர்கள் சொன்ன மாதிரியே ஒரு மஞ்சள் அட்டையில் எழுதுவார். மழை பெய்தது, குதிரை மிரண்டது, மச்சான் கடன் வாங்கிப்போய்த் திருப்பித் தந்தது, எல்லாம் அட்டையில் ஏறும். ஒருவர் தன் விவாகரத்தைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினார். கீத் அதையும் ஒரு வரி எழுதினார். அவர் போனதும் நான் சிரித்தேன். கீத், ரைஃபிளில் தோட்டாவை உள்ளே தள்ளி மூடுகிற போல்ட்டின் கைப்பிடியைக் காட்டினார். லேசாக வளைந்திருந்தது. "கோபத்தில் அடித்து மூடியிருக்கிறான். அட்டையில் இருக்கிறது பார்" என்றார்.

வீட்டில் இதைச் சொன்னபோது வசந்தா காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "அந்த வெள்ளைக்காரர் முன்னப்பின்ன தெரியாதவன் கதையெல்லாம் நின்னு கேக்கறார். நீங்க, நான் பாதி சொல்றதுக்குள்ள 'சரி சரி'ன்னுட்டுப் போயிடறீங்க" என்றாள். நான் சரி சரி என்றேன்.

செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் என்றால், ஒரு தடவை டிரிகரை இழுத்தால் ஒரு குண்டு போகும், அடுத்த தோட்டாவைத் துப்பாக்கியே ஏற்றிக்கொள்ளும். இந்த நாட்டில் சாதாரண ஆளுக்கு அது கிடையாது. ஹெலிகாப்டரில் போய்க் காட்டுப்பன்றி, காட்டு ஆடு, மான் கூட்டங்களைக் குறைக்கிற தொழில்முறைச் சுடுநர்கள் போன்ற மிகச் சிலருக்குத்தான் தனி லைசென்ஸில் அனுமதி. பயிரையும் ஆற்றங்கரையையும் அழிக்கிற பன்றிகளுக்கு வேறு வழி அவர்களுக்குத் தெரியவில்லை. நான் மாமிசம் தொடாதவன். ஆனாலும் வீணாக வதைபடாமல், ஒரே குண்டில் முடிய வேண்டும் என்று அந்த ஆட்கள் படுகிற பாட்டைப் பார்த்த பிறகு, அவர்கள் ரைஃபிளை நான் அலட்சியமாகத் தொட்டதில்லை.

அவர்களில் பலர் வைத்திருந்தது ஒரே கம்பெனியின் ஒரே மாடல். அதன் முதல் தலைமுறையோடு நான் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. கரி சேர்ந்தால் சண்டித்தனம் செய்யும். சுட்ட தோட்டாவின் உறையை வெளியே தள்ள மறுக்கும். அரை நாள் சுட்டால் முன்கை வைக்கிற இடம் தோசைக்கல் மாதிரி கொதிக்கும். தவறி வெடிக்காமல் தடுக்கிற பாதுகாப்புப் பிடி, கையுறை போட்ட விரலுக்கு நகராது. கடைசித் தோட்டா தீர்ந்துபோனது தெரியாமல் வெறுமனே டிரிகரை இழுப்பார்கள். ஒவ்வொரு குறைக்கும் எங்கள் அலமாரியில் பத்துப் பதினைந்து மஞ்சள் அட்டைகள் இருந்தன.

பிறகு இரண்டாம் தலைமுறை வந்தது. முதல் ரைஃபிள் பட்டறைக்கு வந்த அன்று, கீத் அனுமதியோடு அதை முழுக்கப் பிரித்து வெள்ளைத் துணியில் பரப்பினேன். எனக்கு வாயடைத்துப் போயிற்று. உறையைப் பிடித்து இழுக்கும் கொக்கி தடிமனாகியிருந்தது. கரி சேருகிற இடத்தைத் துடைக்கும்படி திறந்து வைத்திருந்தார்கள். முன்கைப் பகுதியில் காற்று போக வழி. பாதுகாப்புப் பிடி கட்டைவிரல் அளவு நீண்டிருந்தது. கடைசித் தோட்டா போனதும் போல்ட் பின்னால் நின்றுகொண்டு, தீர்ந்துவிட்டது என்று சொல்லியது. எடையும் குறைவு. கேஜ் வைத்தால் ஒவ்வொரு பாகமும் வெண்ணெய் மாதிரி போனது. பதினோரு வருடம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? "இதைச் செய்தவன் நம் மஞ்சள் அட்டைகளைத் திருடிப் படித்திருக்கிறான்" என்று கீத்திடம் சொன்னேன். அவர் டிரிகரை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, "மோசமில்லை" என்றார். அவர் ஒரு ரைஃபிளைப் பற்றி அப்படிச் சொன்னதை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

நான் அந்த ரைஃபிள்மேல் பைத்தியமாகிவிட்டேன். பட்டறைக்கு வருகிறவர்களிடம் விற்பனைக்காரன் மாதிரி பேசினேன். வீட்டில் பேசினேன். "உங்க ரெண்டாம் தலைமுறை எப்படி இருக்கு, சாப்பிட்டுச்சா?" என்று வசந்தா கேட்கும் அளவுக்குப் போயிற்று.

கீத்துக்குக் கண் ஆபரேஷன் ஆகி ஒரு வாரம் விடுப்பில் இருந்தபோதுதான் கெரி வந்தார். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நாலு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு பூச்சி, மிருகக் கட்டுப்பாட்டு நிறுவனத்தில் ஹெலிகாப்டர் சுடுநர். ஆறு பேரில் ஒரே பெண், கடைசியாகச் சேர்ந்தவர். ரைஃபிள் அவருடைய சொந்த ரைஃபிள், இரண்டாம் தலைமுறை. கீத் இல்லாததால் பக்கத்துக் கடைக்காரரை, அவரும் லைசென்ஸ் உள்ள துப்பாக்கித் தொழில்காரர்தான், கூப்பிட்டு இரண்டாவது "காலி" சொல்ல வைத்தேன். கெரியை நாற்காலியில் உட்கார வைத்து, மஞ்சள் அட்டையை எடுத்து, கீத் மாதிரியே நின்றுகொண்டு, "இது எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன்.

"அற்புதம்" என்று ஆரம்பித்தார் அவர். "பழையது என்னோடு சண்டை போடும். இது நான் நினைக்கும் முன்னாலேயே அடுத்ததற்குத் தயாராக இருக்கிறது. நாள் முழுக்கச் சுட்டாலும் கை கொதிப்பதில்லை. குளிரில் கையுறையோடு பிடியைத் தள்ள முடிகிறது. தோளில் உதைப்பதும் குறைச்சல், அதனால் இரண்டாவது மிருகத்தைக் கண் தவறவிடுவதில்லை."

நான் ஒரு வார்த்தை விடாமல் எழுதினேன். என் பிள்ளையை வாத்தியார் புகழ்வதைக் கேட்பது போலிருந்தது. அட்டை நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் "ஆனால்" என்றார். மூன்றாவது நாலாவது குண்டில் சில சமயம் போல்ட் பாதி மூடி நின்றுவிடுகிறதாம். அது எப்போது, எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும்போது, பைலட் எப்படித் திரும்பும்போது, எந்தப் பை மாட்டியிருக்கும்போது என்று இன்னும் பத்து நிமிடம் விவரமாகச் சொன்னார். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். பேனாவை எப்போதோ மூடிவிட்டேன். அட்டையின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் "சில சமயம் நிற்கிறது" என்று எழுதி வைத்தேன். "எல்லாம் எழுதிக்கொண்டீர்களா?" என்று கேட்டார். "எழுதிக்கொண்டேன்" என்றேன்.

மூன்று நாள் அந்த ரைஃபிளோடு இருந்தேன். எல்லாக் கேஜும் வைத்தேன், எல்லாம் தேறியது. போல்ட்டின் முகத்தில் ஒரு சின்ன நீல நூல் ஒட்டியிருந்தது. துடைக்கிற துணியின் நூலாக்கும் என்று இடுக்கியால் எடுத்துப் போட்டுவிட்டேன். சுடுதளத்துக்குக் கொண்டுபோய் இருநூறு தோட்டா சுட்டேன். ஒருமுறைகூட நிற்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை கெரியின் நிறுவன மேலாளர் போன் செய்தார். "ரைஃபிளில் குறை என்றால் எங்கள் ஆறு ரைஃபிள்களையும் நிறுத்த வேண்டும். ஆளிடம் குறை என்றால் அதையும் எழுதிக் கொடுங்கள். ஆகாயத்தில் பாதி ஏறிய தோட்டாவோடு ஒருவர் தடுமாறினால் உள்ளே இருக்கிற மூன்று பேர் உயிர் போகும்" என்றார். அவர் சொன்னது சரி. அதில் சந்தேகமே இல்லை. நான் இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டு மின்னஞ்சலில் அனுப்பினேன்: ரைஃபிளில் எந்தக் குறையும் இல்லை, பயன்படுத்துபவரின் பிடி தளர்வாக இருப்பது காரணமாக இருக்கலாம். பட்டறையிலிருந்து வெளியே போகும் எந்தத் தாளையும் கீத் படிக்காமல் அனுப்பியதில்லை. திங்கட்கிழமை அவர் வந்துவிடுவார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. என் ரைஃபிள்மேல் ஒரு சந்தேகம் இரண்டு நாள் கூடுதலாக நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை.

திங்கள் காலை கீத் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். அரை மணி நேரத்தில் கெரியும் வந்தார். கையில் என் இரண்டு வரி, அச்செடுத்தது. சத்தம் போடவில்லை. கவுண்டரில் அதை வைத்தார்.

"இதை எழுதியது நீங்கள்தானே?"

"ஆமாம்."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரையும் கூட்டி வைத்து இதைப் படித்தார்கள். என்னைப் பறப்பதிலிருந்து நிறுத்திவிட்டார்கள். புதன்கிழமைக்குள் மாறாவிட்டால் என் இடத்துக்கு வேறு ஆள் வருவார். உங்களிடம் இருபது நிமிஷம் பேசினேன். அதில் ஒரு வார்த்தைகூட இதில் இல்லை."

கீத் தாளைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்துப் படித்தார். பிறகு மஞ்சள் அட்டையை எடுத்து அதையும் படித்தார். அவர் திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

"மணி, இந்த அட்டை முழுக்கப் பாராட்டுதான் இருக்கிறது" என்றார். "அது உனக்கே தெரியுமே. அதைச் சொல்லவா இவர் நாலு மணி நேரம் ஓட்டி வந்தார்?"

கெரியிடம் திரும்பி, "உட்காருங்கள். உங்களுக்கு மனம் இருந்தால் மறுபடி சொல்லுங்கள். இவர் எழுதுவார்" என்றார். கெரி நின்றபடியே கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

இந்தத் தடவை மூன்று அட்டைகள் ஆயின. ஹெலிகாப்டரில் மூத்த சுடுநர்கள் எப்போதும் பைலட்டுக்குப் பின்னால், வலது பக்கம் உட்காருவார்கள். அது அவர்கள் உரிமை மாதிரி. கடைசியாகச் சேர்ந்த கெரிக்கு எப்போதும் இடது பக்கம். கதவைக் கழற்றிவிட்டுத்தான் பறப்பார்கள். சுட்ட உறைகள் ரைஃபிளின் வலது பக்கத் துவாரம் வழியாகத் தெறிக்கும். அவை பறந்து எதிலாவது பட்டுவிடக் கூடாது என்று அந்தத் துவாரத்தின்மேல் ஒரு பை மாட்டியிருப்பார்கள். முன்பு கம்பிச் சட்டம் வைத்த பை. எல்லோரும் இரண்டாம் தலைமுறை ரைஃபிளுக்கு மாறியபோது நிறுவனம் அவர்களுக்கு லேசான துணிப்பை கொடுத்துவிட்டது. அந்தப் பை நிறுவனத்துடையது என்பதால் அதைக் கழற்றி வைத்துவிட்டு ரைஃபிளை மட்டும் கெரி முதல் தடவை கொண்டுவந்திருந்தார்.

"பை என்ன நிறம்?" என்று கேட்டேன்.

"நீலம். இன்று கொண்டுவந்திருக்கிறேன். நிற்பது எப்போதும் இடது பக்கத்தில்தான் என்று அன்றே சொன்னேனே."

நான் இடுக்கியால் எடுத்துக் குப்பையில் போட்ட நூலைப் பற்றிக் கீத்திடம் சொன்னேன். மறைத்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அன்று இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

கீத் வண்டி நிறுத்துமிடத்தில் காற்றடித்து இலை தள்ளுகிற ப்ளோயரை எடுத்துவரச் சொன்னார். ரைஃபிளை இருவரும் பார்த்துக் "காலி" என்றோம். மருந்தில்லாத போலித் தோட்டாக்களைப் போட்டோம். கெரி நாற்காலியில், ஹெலிகாப்டரின் இடது பக்கம் வெளியே பார்த்து உட்காருவது போல உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்தால் ரைஃபிளின் வலது பக்கம் ஹெலிகாப்டர் போகிற திசையைப் பார்க்கிறது. எதிர்க்காற்று முழுக்கப் பையின்மேல். நான் முன்பக்கத்திலிருந்து ப்ளோயரைப் பிடித்தேன். கீத் போல்ட்டைக் கையால் இழுத்து விட்டார். மூன்றாவது தடவை, நீலத் துணி துவாரத்துக்குள் புகுந்து, போல்ட் அதைக் கடித்துக்கொண்டு பாதியில் நின்றது. வலது பக்கம் உட்கார்ந்தால் அதே காற்று பையை வெளியே இழுக்கும். அதனால்தான் மற்ற ஐந்து பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கெரி ரைஃபிளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். "நான் தூக்கத்தில்கூட என் பிடியைச் சரிசெய்துகொண்டிருந்தேன்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"புது அறிக்கை எழுதுகிறேன், இப்போதே அனுப்புகிறேன்" என்றேன்.

"எழுது. அனுப்ப வேண்டாம்" என்றார் கீத். "முதல் தாளை எந்த ஆட்களுக்கு முன்னால் படித்தார்களோ, அங்கேயே போய் இதை நீயே படி."

மறுநாள் காலை கெரியின் வண்டி முன்னால் போக, கீத்தும் நானும் பின்னால் போனோம். கண் ஆபரேஷன் ஆனவர் ஓட்டக் கூடாது என்பதால் நான்தான் ஓட்டினேன். ஒரு தகரக் கொட்டகையில் மேலாளரும் ஐந்து சுடுநர்களும் பைலட்டும் நின்றிருந்தார்கள். கெரி கதவோரம் நின்றார். நான் தாளைப் பிரித்தேன். என் ஆங்கிலம் சும்மாவே கொஞ்சம் அவசரப்படும், அன்று நிறுத்தி நிறுத்திப் படித்தேன். ரைஃபிளில் குறையில்லை. சுடுபவரின் பிடியிலும் குறையில்லை. இடது பக்க இருக்கையில் துணிப்பை காற்றில் உள்ளே போகிறது. இடது பக்கத்தில்தான் நிற்கிறது என்று ரைஃபிளின் சொந்தக்காரர் கெரி முதல் நாளே எங்களிடம் சொன்னார். நான் எழுதிக்கொள்ளவில்லை. எழுதாமலே அவர்மேல் பழி போட்டேன். அது என் தவறு.

அவர்களில் மூத்தவர் டக், தாடி நரைத்த மனிதர். "அப்படியா? நானே பார்க்கிறேன்" என்றார். தன் ரைஃபிளில் தன் துணிப்பையை மாட்டிக்கொண்டு, பைலட்டோடு போய் இடது பக்கம் ஏறினார். எதிரே வெற்று மேட்டில் இலக்குப் பலகைகள் இருந்தன. ஹெலிகாப்டர் ஒரு சுற்றுச் சுற்றியது. மூன்று வெடி கேட்டது. நாலாவது கேட்கவில்லை.

இறங்கி வந்த டக், போல்ட்டைப் பின்னால் இழுத்துத் தோட்டாவை எடுத்துவிட்டு, கசங்கிய நீலத் துணியை எல்லோருக்கும் காட்டினார். பிறகு நேரே கெரியிடம் போனார். "வலது பக்கம் இனி உனக்கு" என்றார்.

"வேண்டாம்" என்றார் கெரி. "இடது பக்கம் எனக்குப் பழகிவிட்டது. கம்பிப் பையைத் திருப்பிக் கொடுங்கள், போதும்."

மேலாளர் அலமாரியைத் திறந்து ஒரு பழைய கம்பிப் பையைத் தேடி எடுத்தார். கெரி அதை மாட்டிக்கொண்டு இடது பக்கம் ஏறினார். நான் வெளியே நின்று எண்ணினேன். இருபது வெடி, ஒன்றின்பின் ஒன்றாக, ஒரே சீராக. அப்படி ஒரு ரைஃபிளையும் அப்படி ஒரு கையையும் நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

இறங்கியதும் கெரி என்னிடம் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார். "இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்க மாட்டீர்களா?"

கீத் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து நீட்டினார். வண்டியின் பானெட்டில் வைத்து, கெரி சொல்லச் சொல்ல எழுதினேன். நடுவில் ஒருமுறை அவர் நிறுத்தி யோசித்தார். நானும் பேனாவைத் தூக்காமல் காத்திருந்தேன். முடிந்ததும் அட்டையை வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரை விரல் வைத்துப் படித்தார்.

"எல்லாம் இருக்கிறது" என்று சொல்லி, கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.